பொட்டு வைத்த டிஸ்க்

அங்கயற்கண்ணி டீச்சரின் மேஜை டிராயரில் ஒரு ரெக்கவரி டிஸ்க் இருந்தது. "லேப்டாப் படுத்துட்டா எழுப்பி உட்கார வைக்கிறதே நான்தான்" என்று பக்கத்திலிருந்த ஸ்க்ரூடிரைவரிடம் ஏழு வருஷமாக அளந்துகொண்டிருந்தது. ஆனால் வந்த வருஷமே ஆயுதபூஜையில் டீச்சர் அதன் பளபளக்கும் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். கறை ஊறிப்போய்விட்டது. இனி எந்த மெஷினாலும் தன்னைப் படிக்க முடியாது என்பது டிஸ்க்குக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் புது லேப்டாப் வந்தது. டீச்சர் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். "இதுக்கு டிஸ்க்கே தரலையே! பழசு சேருதான்னு போட்டுப் பார்ப்போம்" என்று டிராயரைத் திறந்தார்.

டிஸ்க்குக்கு உயிரே போய்விட்டது. இன்றோடு மானம் போச்சு!

டீச்சர் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டிஸ்க்கைச் செருக இடமே இல்லை.

"எனக்கு வாயே கிடையாதுண்ணே" என்று கிசுகிசுத்தது லேப்டாப். "படுத்துட்டா எழுப்புற மருந்தையெல்லாம் வயித்துக்குள்ளேயே வச்சு அனுப்பிட்டாங்க."

அப்பாடா! டிஸ்க்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டிராயருக்குள் போனதும், பொட்டு வைத்த பக்கத்தைக் கீழே மறைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரிடம் சொன்னது:

"அவனுக்கு மட்டும் வாய் இருந்திருக்கணும், நான் யாருன்னு காட்டியிருப்பேன்!"