இருவருக்கு ஒரு சமையல் உரிமம்

2043 மார்ச் 9, தூத்துக்குடி. மனச்சிதைவு உள்ள பிலோமினாவும் தம்பி சூசையும் உணவக உரிமத்துக்கான மூளைத்திறன் சோதனையில் தனித்தனியே தோற்றார்கள். நெற்றியில் கட்டிய அளவுப் பட்டை காட்டிய கணக்கில் அக்காவுக்கு நினைவாற்றல் தொண்ணூறு, திட்டமிடல் இருபது. தம்பிக்கு அப்படியே தலைகீழ்.

"கொழம்புச் சட்டி ஒண்ணுதான சார். எங்களையும் சேத்தே சோதிச்சுப் பாருங்களேன்" என்றாள் பிலோமினா.

அதிகாரி சிரித்துவிட்டு இரண்டு பட்டைகளையும் இணைத்தார். சோதனைக்கூட அடுப்பில் மீன்குழம்பு கொதித்தது.

"யக்கா, உப்பு போட்டாச்சா?" என்றான் சூசை.

"போட்டாச்சுலே. மூணு தடவ கேட்டுட்ட."

"மீன எப்பப் போடணும்னு ஒனக்குத் தெரியுமா?"

"அதுக்குத்தானலே நீ நிக்க!"

பட்டைகள் இரண்டு திறனுக்கும் எண்பத்தாறு காட்டின; தேர்ச்சி. அதிகாரி இரண்டாம் முறையும் குழம்பு வாங்கிக்கொண்டார்.

உரிமம் இருவர் பெயரிலும் வந்தது. ஒருவர் விடுப்பு எடுக்கும் நாளில் கடைக்கும் விடுமுறை.