அடித்த விடைகள்

கதவு சுவரில் மோதிய சத்தத்தில் மேசை மேலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. யாரையும் கூப்பிட்டனுப்பியே பழக்கப்பட்ட துணைவேந்தர், முதல் முறையாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அறைக்குத் தானே நடந்து வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணை ஃபெயில் ஆக்கிட்டீங்களாமே மேடம்?"

"நான் ஆக்கல சார். அவளா ஆயிட்டா," என்றார் அதிகாரி. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கறாரம்மா.

எந்தப் பெண் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. போன வருடம் நானூறு மீட்டரில் தங்கம் வாங்கியவள். பத்திரிகைகள் 'புல்லட்' என்று எழுதின. பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகையையே மறைத்துக்கொண்டு வாசலில் நின்றது அவள் ஓடும் படம்தான்.

ஒரு பாடத்தில் தோற்றாலும் பல்கலைக்கழக அணியில் ஓட முடியாது என்பது விதி. நாளை பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. இன்று ஐந்து மணிக்குள் பட்டியல் போயாக வேண்டும்; அதற்குப் பிறகு ஒரு பெயரையும் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது.

"புது லைப்ரரி திறந்தேன், ஒரு நிருபர் எட்டிப் பார்க்கல. இவ ஜெயிச்ச மறுநாள் என் ரூம்ல ஏழு கேமரா. அப்ளிகேஷன் ரெண்டு மடங்காச்சு," என்ற துணைவேந்தர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த மாசம் என் பதவிக்காலம் முடியுது. நீட்டிக்கலாமா வேணாமான்னு கமிட்டி உட்காரப் போகுது. நாளைக்கு அவ ஓடலைன்னா நான் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"அதுக்காக இல்லாத மார்க்கை நான் எங்கேர்ந்து சார் கொண்டுவர?"

"பாஸாக முப்பத்தஞ்சு போதும். எவ்வளவு குறையுது?"

"முப்பத்தஞ்சுதான் குறையுது சார்."

துணைவேந்தருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஏதாச்சும் பண்ணுங்க மேடம். உங்களுக்கும் இது சோறு போடுற இடம்தானே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அது கெஞ்சலா மிரட்டலா என்று கறாரம்மாவுக்குப் பிடிபடவில்லை.

இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் யாருக்கும் அரை மார்க் கூட்டிப் போட்டதில்லை. ஆனாலும் ஒன்று உறுத்தியது. மற்ற ஐந்து பாடங்களிலும் முதல் வகுப்பு வாங்கியவள், புள்ளியியலில் மட்டும் எப்படிச் சைபர்? விடைத்தாளை எடுத்து வரச் சொன்னார்.

தாள் காலியாக இல்லை. கடைசிப் பக்கம் வரை குண்டு குண்டான கையெழுத்து. ஆனால் ஒவ்வொரு விடையின் மேலும், மூலையிலிருந்து மூலைக்கு, ஸ்கேல் வைத்து இழுத்த நேரான கோடு. எழுதிய அத்தனையையும் அடித்திருந்தாள்.

திருத்திய பேராசிரியரை வரவழைத்தார்.

"விடையெல்லாம் சரியாத்தான் மேடம் இருக்கு," என்றார் பேராசிரியர். "ஆனா அடிச்சதைத் திருத்தக் கூடாதுன்னு நீங்கதானே சர்க்குலர் விட்டீங்க? அதைச் சுவத்துல வேற ஒட்டி வெச்சிருக்கு."

"விட்டேன். இப்போ என் பொறுப்புல கைப்பட எழுதித் தர்றேன். கோட்டை மறந்துட்டுத் திருத்துங்க. ஒரு மார்க்கூட தானம் வேண்டாம்."

முக்கால் மணி நேரத்தில் எழுபத்தொன்று வந்தது.

கறாரம்மாவின் மனது இளகியது. பாவம், சின்னப் பெண். ஊரே அவள் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. எழுதி முடித்ததும் எல்லாம் தப்போ என்று பயந்து அடித்திருப்பாள். அவளுக்குச் சேர வேண்டியதை அவளிடம் சேர்ப்பது எப்படிச் சலுகையாகும்? கையெழுத்துப் போட்டார். நாலே முக்காலுக்குப் பட்டியல் போனது.

"மேடம், நீங்க தெய்வம்," என்றார் துணைவேந்தர், போனில்.

"உங்களுக்காகப் பண்ணல சார்," என்று வைத்துவிட்டார்.

நல்ல செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆளனுப்பினார். டிராக் பேன்ட்டும் ஈரத் தலையுமாகப் புல்லட் வந்து வாசலில் நின்றாள்.

"உள்ளே வாம்மா. பயப்படாதே. உன் பேப்பரைத் திரும்பத் திருத்தச் சொன்னேன். எழுபத்தொண்ணு. நீ பாஸ்."

அவள் சிரிக்கவில்லை. "லிஸ்ட் போயிடுச்சா மேடம்?"

"அப்பவே போயாச்சு. நாளைக்கு நீ ஓடறே."

புல்லட் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் தலை சுற்றுகிறது போலிருக்கிறது என்று கறாரம்மா எழுந்து போய் அவளை நாற்காலியில் உட்கார வைத்தார்.

"அவ்வளவும் தெரிஞ்சு எழுதிட்டு, எதுக்கும்மா எல்லாத்தையும் அடிச்சே?"

அவள் குனிந்து வலது கால் பேன்ட்டை மெதுவாகச் சுருட்டினாள். முழங்கால் இரண்டு மடங்கு வீங்கிக் கன்றிப் போயிருந்தது. அதன் பக்கவாட்டில் வரிசையாக ஊசி குத்திய புள்ளிகள்.

"ஜவ்வு கிழிஞ்சிருக்கு மேடம். இன்னொரு தடவை ஓடினா நடக்கவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஓட மாட்டேன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல கிடைச்ச சீட்டே போயிடும்னு கோச் சொல்றாரு."

கறாரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

"ஃபெயிலானா ஓட வைக்க மாட்டாங்கன்னுதான் மேடம் அடிச்சேன்."