வயிற்றில் வைத்த மை

வயிற்றுப் பிள்ளைக்கும் ஓட்டு உண்டு என்றான பிறகு வந்த முதல் தேர்தல். வாக்குச்சாவடியில் ஜெசிந்தாவின் விரலில் ஒரு மை வைத்தார்கள். நிறைமாத வயிற்றில் இன்னொன்று.

"ரெண்டையும் நிலக்கரிக் கட்சிக்கே போட்டுரு. அனல்மின் நிலையத்த மூடிட்டா என் வேல போயிரும்" என்று கணவன் ராயப்பன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

தன் ஓட்டை அவனுக்காகவே போட்டாள். பிள்ளையின் ஓட்டுக்கும் விரல் அதே பொத்தானுக்குப் போனது. உள்ளிருந்து ஓர் உதை விழுந்தது. காற்றாலைக் கட்சியின் பொத்தானுக்கு விரலை நகர்த்தினாள். பிள்ளை மெல்ல, சுகமாக, ஒரு சுற்றுச் சுற்றியது.

வெளியே காத்திருந்த ராயப்பன் கேட்டான்: "பிள்ள யாருக்குப் போட்டுச்சு?"

"அது ரகசிய ஓட்டு. பெத்தவங்களே ஆனாலும் கேக்கக் கூடாது."

அவன் சிரித்துக்கொண்டே வயிற்றிலிருந்த அந்த மையின் மேல் கை வைத்தான். உள்ளே அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.