மகாராணிக்கு எந்தப் பாலிசி?

“செத்தா முழுத் தொகை, அத்தான். கையெழுத்துப் போடுங்க,” என்று மைத்துனன் பேனாவை நீட்டினான்.

சவாரிக்காரர் பேனாவை வாங்கவில்லை. குதிரையின் குளம்பில் சிக்கியிருந்த கல்லை நோண்டிக்கொண்டே, “சாவுக்கு வேண்டாம். வைத்தியத்துக்கு மட்டும் போடு,” என்றார்.

லாயத்து வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஊர் ஒரு பக்கம் போனால் இந்த மனுஷன் இன்னொரு பக்கம் போவார், தனியாகவும் போக மாட்டார், குடும்பத்தையும் இழுத்துக்கொண்டுதான் போவார் என்று குதிரையிடமே முறையிட்டாள்.

பூங்காவில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக் காட்டுவதுதான் பிழைப்பு. மகாராணி நாலு காலில் நின்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும். செத்தால் பணம் தருகிற பாலிசி ஒன்று. நோயோ காயமோ வந்தால் வைத்தியச் செலவைத் தருகிற பாலிசி இன்னொன்று. இரண்டையும் எடுக்க வருமானம் போதாது. எதை எடுப்பது என்பதில்தான் காலையிலிருந்து இழுபறி.

மைத்துனன் சாதாரண ஏஜென்ட் இல்லை. அவன் பேச ஆரம்பித்தால் செத்த குதிரையே எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். மகாராணியை நாலு பக்கமும் படம் பிடித்தான். ஐந்தாவது பக்கம் இருந்திருந்தால் அதையும் விட்டிருக்க மாட்டான். பல்லைப் பார்த்து வயசு எழுத வேண்டும் என்று வாயருகே போனான். மகாராணிக்கும் அவன் விரலைப் பார்த்து ஏதோ எழுத வேண்டியிருந்தது போல. எட்டத்தில் வந்து நின்று ஒன்பது என்று எழுதிக்கொண்டான்.

“கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?” என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டான்.

“மரத்தைக் கடிக்கும். சொந்தக்காரங்களையும் கடிக்கும்,” என்றார் சவாரிக்காரர்.

மைத்துனன் முதலாவதை மட்டும் எழுதினான்.

பிறகு விளக்க ஆரம்பித்தான். நோய் என்பது வரலாம், வராமலும் போகலாம். சாவு அப்படியா? சொன்ன சொல் தவறாமல் வரும். வருமோ வராதோ என்பதற்குப் பணம் கட்டுகிறவன் ஏமாளி, நிச்சயமாக வருவதற்குக் கட்டுகிறவன் கெட்டிக்காரன். செத்தால் தருகிற பாலிசியில் அவனுக்குக் கமிஷன் இரண்டு மடங்கு என்பதை மட்டும் சொல்லவில்லை. சின்ன விஷயம், மறந்திருப்பான்.

மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தையல்காரர், யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார். நாளையை நினைக்கிற மனுஷன் சாவுக்குத்தான் எடுப்பானாம். இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் பாசமில்லை என்று அர்த்தமாம். சொல்லிவிட்டு, சவாரிக்காரருக்கு உறைத்ததா என்று எட்டிப் பார்த்தார். உறைத்த மாதிரி தெரியவில்லை.

மனைவி குரலைத் தணித்துக்கொண்டாள். மகாராணி தனக்குப் பெற்ற பிள்ளை மாதிரி என்றாள். பிள்ளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, செத்தால் பணம் எத்தனை நாளில் வரும் என்று தம்பியிடம் கேட்டாள்.

“போன குதிரைக்குப் பன்னிரண்டே நாள்ல செக் வாங்கிக் குடுத்தேனே, அக்கா? காலு முறிஞ்சுது, பிழைக்காதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்து ஊசியும் போட்டாரு, முடிஞ்சுது. அந்தப் பணத்துலதானே இவளை வாங்கினீங்க?”

“கூரையும் மாத்தினோம்,” என்றாள் அக்கா. நன்றி மறக்காதவள். “ஆனா இவருக்கு இளகின மனசுடா. அது போனப்போ மூணு நாள் சாப்பிடலை. செக் வந்த அன்னிக்குக்கூட வாயில ஒண்ணும் வைக்கலை.”

மதிலுக்கு மேலே தையல்காரர் ‘உச்’ கொட்டினார்.

இத்தனைக்குப் பிறகும் சவாரிக்காரர் அசைவதாக இல்லை. வைத்தியத்துக்குத்தான் என்றார். காரணம் கேட்டார்கள். குளம்பில் இன்னொரு கல் இருக்கிறது என்றார்.

மனைவிக்குச் சட்டென்று ஏதோ புரிந்துவிட்டது. புரிந்ததும் கண் கலங்கிவிட்டது.

“எங்க மேல நம்பிக்கை இல்லை, அதானே? பணத்துக்கு ஆசைப்பட்டு நாங்க அதுக்கு விஷம் வச்சிடுவோம்னு நினைக்கிறீங்க.”

மைத்துனன் காகிதங்களைப் பைக்குள் திணித்தான். இருபது வருஷமாக இந்த வீட்டுக்கு வந்து போகிறவன், இப்படி ஒரு பெயரை வாங்கிக்கொண்டு போக வரவில்லை என்றான். போகிறேன் போகிறேன் என்று நின்றான்.

சவாரிக்காரர் குளம்பைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“உங்க மேல இல்ல, மச்சான். பிழைக்காதுன்னு அந்த டாக்டரை எழுத வச்சதே நான்தான். மூணு மாசம் கட்டுப் போட்டா எழுந்து நின்னுடும்னுதான் அவர் முதல்ல சொன்னாரு.”

மதிலுக்கு மேலே தெரிந்த தையல்காரரின் தலை மெல்லக் கீழே இறங்கியது.

“அவர் அப்படிச் சொன்னதும், ஏதோ கெட்ட சேதி கேட்ட மாதிரி எனக்கு நெஞ்சு பக்குன்னுச்சு.”