சாயம் போடாத இழை

"என் பேரை எடுத்துடுங்க, சார்."

பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அவள் லேபில் சேர்ந்த அன்றே சீனியர் அக்கா சொல்லிவிட்டாள். லீவு கேள், கெமிக்கல் கேள், திட்டு வாங்கு. கட்டுரையில் வரும் பேரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. திறந்த யாரும் டாக்டர் ஆனதில்லை.

அது பேரைச் சேர்க்கச் சொல்கிறவர்களுக்கு. எடுக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

பூஞ்சை இழை நுனியில்தான் வளரும். மாவைக் கரைக்கும் நொதியையும் நுனியில்தான் கக்கும். அந்த நொதியைச் செய்யச் சொல்லும் எம்.ஆர்.என்.ஏ.வையும் இழை நுனிக்கே கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது என்கிறது அவருடைய கட்டுரை. சாட்சி ஒரு படம். அந்த ஆர்.என்.ஏ.வில் மட்டும் ஒட்டுகிற சாயம், நுனியில் பச்சை ஒளி.

அவள் எடுத்த படம். கட்டுரையில் முதல் பேர் அவளுடையது. அது அச்சேறினால்தான் பட்டம்.

போன வாரம் சாயமே போடாமல் ஓர் இழையை வைத்துப் பார்த்தாள்.

அதன் நுனியும் பச்சையாக ஒளிர்ந்தது.

காட்டினாள். "அத விட்டுடு" என்றார்.

ஆர்.என்.ஏ. நுனிக்குப் போகலாம். போகாமலும் இருக்கலாம். பூஞ்சைக்குத் தெரியும். அந்தப் படத்துக்குத் தெரியாது.

இப்போது தலையைத் தூக்கினார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது.

"ஒங்க வீட்ல மொத பட்டதாரி நீ. டாக்டர் பட்டத்த வாங்கிட்டுப் போற வழியப் பாரும்மா."

"மொதல்ல படிச்சவளே பொய் சொன்னா, படிப்புன்னா அதுதான்னு எங்க வீட்ல நெனச்சுக்குவாங்க, சார்."

மாடிப்படியில் பேச்சுச் சத்தம். ஆய்வை மதிப்பிட வரும் குழு.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நுண்ணோக்கியின் திரையைப் பார்த்தார். நுனி பச்சையாக மின்னியது.

"இன்னிக்கு ஸ்லைடு பிரமாதமா வந்திருக்கு. இதையே காட்டிடலாம்."

காலையில் அந்த ஸ்லைடை வைத்தவள் அவள்.

வெளியே வந்தாள். வாசலில் குழுவினர் குனிந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே தன் செருப்பைத் தேடி எடுத்தாள்.

குழுவில் ஓர் அம்மாள் நிமிர்ந்து சிரித்தார். "அந்தப் படம் எடுத்த பொண்ணு நீங்கதானா?"

"ஆமா, மேடம். உள்ள வெச்சிருக்கறது சாயம் போடாத இழை. அது ஏன் ஒளிருதுன்னு சாரைக் கேளுங்க."

செருப்பு வாரை நிதானமாக மாட்டினாள்.

படியிறங்கினாள்.