நாற்பதாவது வீடு

"மேடம், உங்க ரேடியோவை மூடிடலாம்" என்றபடி ஆனந்தன் உட்கார்ந்தார். கல்பாக்கம் பக்கத்திலிருக்கும் அந்தச் சமுதாய வானொலிக்கு நிதி தரும் அறக்கட்டளையின் ஆள். சொல்லாமல் வந்திறங்கி, காலையிலிருந்து கணக்கெடுத்திருக்கிறார். கேட்க ஆளிருந்தால்தான் அடுத்த வருடமும் நிதி.

"ஐம்பது வாட்டுல பத்து கிலோமீட்டர் போகுது சார்" என்றாள் நிலையத்தை நடத்தும் ஜோதிலட்சுமி.

"அலை போகுது. காதுக்குத்தான் போகல. நாற்பது வீடு ஏறி இறங்கினேன். முப்பத்தொன்பதுல கேக்கறதே இல்லையாம்."

"இன்னா சார் சொல்ற? யாருமேவா?"

"'மூணடி தள்ளி நில்லு'ன்னு வேற அதட்டறாங்க. ஒரு பாட்டி என்னைப் போட்டோ புடிக்குது!"

ஜோதிலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"கடைசி வீட்டுல மட்டும்தான் மரியாதை. சின்னப்பொண்ணுன்னு ஒரு அம்மா. உக்கார வச்சு டீ குடுத்து, தினமும் கேக்கறோம்னாங்க. நான் கேக்காமலே ஆதார் நம்பரையும் சொன்னாங்க."

ஜோதிலட்சுமி அன்று காலை ஏழு மணி ஒலிபரப்பின் பதிவைப் போட்டாள். அவளுடைய குரல்தான்.

"உஷார் மக்களே! ஃபாரத்தைத் தூக்கிகினு வூட்டுக்கு வர்றவன் ஏமாத்துக்காரனா இருக்கலாம். மூணடி தள்ளி நிக்க வைங்க. போட்டோ புடிங்க. இன்னா கேட்டாலும் இல்லன்னே சொல்லுங்க."

ஆனந்தன் தன் கையிலிருந்த படிவங்களைப் பார்த்தார்.

"அப்ப, அந்தச் சின்னப்பொண்ணு அம்மா?"

"அந்த ஒரு வூட்லதான் சார் நம்ம ரேடியோவைக் கேக்கறதில்ல."