கண்டிப்பான டீச்சர்

"ஆம்பளை அடுப்படியில நின்னா..." என்று பெரியவரின் அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். நின்றால் என்ன ஆகும் என்பது பெரியவருக்கு மறந்துபோய்விட்டது. நல்லதாக எதுவும் ஆகாது என்பது மட்டும் நினைவிருந்தது.

அது இப்போது அவர் வீட்டிலேயே தினமும் நடந்தது.

"ஐ ஆம் டூயிங் த டிஷஸ்," என்றது சமையலறையிலிருந்து மகனின் குரல். கூடவே பாத்திரங்கள் உருளும் சத்தம்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், பேப்பரை இறக்கினார்.

"என்னடா உளர்றே?"

"பாத்திரம் கழுவறேன்னு சொன்னேம்பா. ஹோம்வொர்க்."

மகன் ஏ.சி. மெக்கானிக். எந்த மெஷினையும் பிரித்து மேய்ந்துவிடுவான். ஆனால் என்ன செய்தாய் என்று வாடிக்கையாளர் இங்கிலீஷில் கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகத்தான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருந்தான்.

"டீச்சர் ரொம்பக் கண்டிப்புப்பா. எந்த வேலைக்கு எந்த வார்த்தை சேரும்னு சும்மா மனப்பாடம் பண்ணினா நிக்காதாம். வேலையைச் செஞ்சுகிட்டே சொல்லணுமாம்."

பாத்திரம் முடிந்து படுக்கையறைக்குப் போனான்.

"ஐ ஆம் மேக்கிங் த பெட்."

"கட்டிலைக் கடையிலதானேடா வாங்கினோம்? நீ எங்க செஞ்சே?"

"போர்வையை மடிச்சு விரிப்பைச் சரிபண்றதுக்கு அப்படித்தான் சொல்லணும். டிஷஸுக்கு டூ, பெட்டுக்கு மேக். ஜோடி மாறிச்சுன்னா டீச்சர் தொலைச்சுடுவாங்க."

மருமகள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். முன்பெல்லாம் வீட்டுக்குள் நுழைந்ததும், தோளில் பை தொங்கத் தொங்க நேரே பாத்திரத் தொட்டிக்குத்தான் போவாள். இப்போது நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு என்ன பாடம்?"

"துணி மடிக்கிறது," என்றான் மகன்.

"நல்லாப் படிங்க. எப்ப ஜன்னல் துடைக்கிற பாடம் வரும்?"

பெரியவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாளைக்கு நேர்ல போய் உங்க டீச்சரை நாலு கேள்வி கேக்கறேன். இந்த ஹோம்வொர்க்கை நிறுத்தினா ஆச்சு. இல்லேன்னா நீ வகுப்பிலிருந்தே நின்னுடு."

மடித்த துணி மகன் கையிலிருந்து சரிந்தது.

"வேண்டாம்பா. அவங்க பயங்கரக் கோபக்காரங்க."

"டிக்கெட் இல்லாம ஏறிட்டு என்னையே மிரட்டினவங்களை எல்லாம் பார்த்தவன்டா நான்."

மறுநாள் மகனுக்கு வகுப்பு இல்லை. எவ்வளவு தடுத்தும் கேட்காமல் பெரியவர் கிளம்பிவிட்டார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை. பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒல்லியான பெண்மணி இவரைப் பார்த்துத் திரும்பியதில் ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டு, அந்த நாற்காலியிடமே "சாரி" என்றாள்.

இவளா கோபக்காரி?

"அந்த ஏ.சி. மெக்கானிக்குக்கு ஏன் இப்படி ஹோம்வொர்க் குடுக்கறீங்க?" என்றார், யோசித்து வைத்திருந்ததைவிடக் குறைந்த சத்தத்தில்.

"ஹோம்வொர்க்கா? நான் யாருக்கும் குடுக்கறதில்லையே, ஐயா. எல்லாரும் நாள் முழுக்க உழைச்சுட்டு வர்றவங்க. பாவம்."

டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அவர். இந்த முகத்தில் பொய் இல்லை. அப்படியென்றால் பொய் சொன்ன ஆள் வீட்டில் இருக்கிறான்.

"பாத்திரம் கழுவிகிட்டே சொல்லணும், துணி மடிச்சுகிட்டே சொல்லணும்னு...?"

"ஓ, அதுவா?" டீச்சர் சிரித்துவிட்டாள். "வந்த முதல் நாளே அவர்தான் கேட்டார். மெஷின் வாக்கியமெல்லாம் அப்புறம், வீட்டு வேலைக்கு உள்ளதை முதல்ல சொல்லிக் குடுங்கன்னு. ஏன்னு கேட்டேன். மனைவி நாளெல்லாம் நின்னுகிட்டே வேலை பார்க்கறாங்களாம். இவர் ஒத்தாசை பண்ணப் போனா, வீட்டுல பெரியவர் ஒருத்தர் மனசு கஷ்டப்படுவாராம். அவரை எதிர்த்துப் பேசவும் இவருக்கு மனசு வரலையாம். பாடம்னு சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுன்னார்."

பெரியவர் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அதில் பாதி அழிந்த இங்கிலீஷ் எழுத்துகள்.

"நீங்க அவருக்கு என்ன வேணும், ஐயா?"

"சொந்தம்தான்."

உடனே கிளம்பிவிடவில்லை. டீச்சரிடம் இன்னும் சற்று நேரம் பேசிவிட்டுத்தான் படியிறங்கினார்.

வீட்டில் மகன் கையில் ஈரத் தட்டோடு வாசலுக்கே வந்துவிட்டான்.

"டீச்சர் என்னப்பா சொன்னாங்க?"

பெரியவர் செருப்பை நிதானமாகக் கழற்றினார்.

"நீ சொன்னது சரிதான். ரொம்பக் கண்டிப்பு. ஹோம்வொர்க்கைத் துளிகூடக் குறைக்க முடியாதுன்னுட்டாங்க."

தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மகன் அவர் முகத்தையே பார்த்தான். அவர் வேறெங்கோ பார்த்தார்.

"பாவம் இவர்," என்று மருமகள் நாற்காலியில் இருந்தபடியே சிரித்தாள்.

"இவன் மட்டும் என்னம்மா பாவம்? என்னையும் விடலை."

"உங்களையுமா மாமா?"

பெரியவர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனார்.

"கொஞ்சம் தள்ளுடா. துடைச்சு அடுக்கறதுக்கு என்ன சொல்லணும்?"

அடுத்த வகுப்பிலிருந்து தானும் வருவதாக டீச்சரிடம் பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.